தராசு செய்த சதி

கேள்வி: துருக்கியின் டேக்வாண்டோ ஹெவிவெயிட் நஃபியா குஷ் 2023இல் உலக சாம்பியன். மறு வருடமே பாரீஸ் ஒலிம்பிக்கில் வெறும் வெண்கலம். கால் தளர்ந்துவிட்டதா?

பதில்: கால் அப்படியேதான் இருக்கிறது, தராசுதான் மாறிவிட்டது. உலகப் போட்டியில் பெண்களுக்கு எட்டு எடைப் பிரிவுகள். 2023இல் பாகுவில் நஃபியா தங்கம் வென்றது 73 கிலோவுக்கு மேல். பிரான்ஸின் அல்தேயா லோரான் 73க்குள். ஆளுக்கொரு மகுடம், சண்டையே இல்லை. ஒலிம்பிக்கிலோ நான்கே பிரிவுகள். 67ஐத் தாண்டிய அத்தனை பேரும் ஒரே பந்தி! தங்கம் உள்ளூர்ப் பெண் லோரானுக்குப் போயிற்று.

அதற்காக நஃபியாவுக்கு அனுதாபக் கடிதம் எழுதிவிடாதீர்கள். வெண்கலக்காரர் கடைசி ஆட்டத்தை ஜெயித்துவிட்டுச் சிரித்தபடி மேடையேறுகிறவர். பக்கத்தில் தோற்ற முகத்தோடு நிற்பவர் வெள்ளிக்காரர்தான்.