சோற்றைப் படிக்க மூன்று ஆண்டுகளா?

கேள்வி: நன்றாகச் சமைக்கத் தெரிந்த பெண்ணுக்கு ஊட்டச்சத்துப் பட்டம் எதற்கு?
– ஒரு வாசகி, ஆவடி

பதில்: கீரை மசிக்கத் தெரிந்த கைக்கு, சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அதே கீரையை நிறைய நீரில் வேகவைத்து நீரை வடித்துவிட வேண்டும் என்பதும், பொட்டாசியம் நீரில் கரைந்து வெளியேறுவதே அதற்குக் காரணம் என்பதும் தெரிந்திருந்தால்தான் அது உணவுமுறையியல், அதாவது நோய்க்கும் வயதுக்கும் உழைப்புக்கும் ஏற்ப உணவை வகுத்துத் தரும் துறை. உயிர்வேதியியலும் உடலியங்கியலும் படிக்காமல் இதில் ஓரடியும் வைக்க இயலாது. அன்றாடம் உலையில் விழும் அரிசியே இதற்குச் சான்று: நெல்லைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் தயமின் என்னும் பி1 வைட்டமின், நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அரிசிக்குள் இறங்கித் தங்குவதால், அந்தச் சத்துக் குறைந்து நரம்பும் இதயமும் தளரும் பெரிபெரி நோய், புழுங்கலரிசி உண்டவர்களிடம் அரிதாகவே தலைகாட்டியது. அந்நோயை ஆராய 1918இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தலைமையில் தொடங்கிய சிறு ஆய்வுப் பிரிவுதான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. ஒரு பிடி அரிசிக்கே இவ்வளவு பாடம் இருக்கும்போது, மூன்று ஆண்டுகள் குறைவு என்றுதான் சொல்ல வேண்டும்.

கேள்வி: வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் படிக்கலாமா?
– ஒரு வாசகர், பூந்தமல்லி

பதில்: வழியில்லை. மருத்துவ ஊட்டச்சத்து, உணவுமுறையியல் படிப்புகளில் தொலைநிலைக் கல்வியிலும் இணையவழியிலும் மாணவர்களைச் சேர்க்கக் கூடாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் தடை விதித்துள்ளது. நோயாளியின் படுக்கையருகே நின்று பழக வேண்டிய படிப்புக்கு இது சரியான முடிவே. பூந்தமல்லிக்காரர் மனம் தளர வேண்டியதில்லை. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் ஒரு பேருந்துத் தொலைவில்தான் இருக்கிறது.

கேள்வி: மருத்துவமனையை விட்டால் இப்படிப்புக்கு வேறு போக்கிடம் உண்டா?
– ஒரு தொழிலாளி, அம்பத்தூர் எஸ்டேட்

பதில்: கேட்பவரின் கேன்டீனிலேயே உண்டு. 250 பேருக்கு மேல் பணியாற்றும் ஆலைகளில் உணவகம் நடத்தப்பட 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே வழிசெய்திருந்தது. ஆனால் அங்கே பரிமாறப்படுவது யாருடைய உடலுக்கு ஏற்றது என்பதைக் கணிக்கத்தான் ஆள் வேண்டும். நைட் ஷிப்ட்டில் உண்ணும் அதே சோறு, பகலில் உண்பதைவிட இரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றுகிறது, ஏனெனில் இன்சுலின் வேலை செய்யும் திறன் இரவில் குறைகிறது. எஸ்டேட் முதலாளிகள் கேன்டீனுக்கு ஓர் உணவியல் வல்லுநரையும் அமர்த்த வேண்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையிலேயே இதைக் கேட்டுப் பெற வேண்டும்.