போகாத ஊருக்கு வழி

வா மனே, இதில இரு. லண்டனுக்கு விசா குத்திட்டானாம் எண்டு மீன்காரன் சொன்னான். நீ சொல்லல்ல. பறவாயில்ல, பெரிய ஊருக்குப் போறவன் சின்ன ஊருக்குச் சொல்லிப்போட்டா போவான்? பெத்தப்பாக்கு லண்டனைப் பத்தி என்ன தெரியும் எண்டு நினைச்சிருப்பாய். மெய்தான். நான் கண்ட ஆகப் பெரிய ஊர் கொழும்பு. அதுவும் கண் ஒப்பரேசனுக்குப் போனது, ஒரு கண்ணாலதான் கண்டன். ஆனா லண்டன் போய் வந்த ஒருத்தனும் கொக்கட்டிச்சோலைச் சந்தியில எனக்கிட்டத் தேத்தண்ணி குடிக்காமத் தப்பினதில்ல. போனவன் பாத்தது ஒரு லண்டன். நான் கேட்டது எத்தினையோ லண்டன். போகாத ஊருக்கு வழி சொல்ல என்னை விட்டா இஞ்ச ஆள் இல்ல.

முதல்ல ஒரு சந்தேகம். திரும்பி வருவன் எண்டதுக்கு அந்த விசாக்காரனுக்கு என்னத்தக் காட்டினாய்? வீடு அக்காட சீதனத்தில போயிட்டு. வயல் என்ட பேரில கிடக்கு, நான் இன்னும் சாகல்ல. உன்ட பேரில இரிக்கிறது லீசிங்கில எடுத்த மோட்டார் சைக்கிள் ஒண்டுதான். அந்த மோட்டார் சைக்கிளுக்காக நீ கிறுகி வருவாய் எண்டு வெள்ளைக்காரன் நம்பியிரிக்கான். நல்ல மனுசன். ஆறு மாசம் நிக்கலாம், வேலை செய்யப்படாது எண்டு குடுத்திரிக்கான். உனக்கு லீவு ரெண்டு கிழமை. இஞ்சயே வேலை செய்யாத உனக்கு அந்தச் சட்டத்தால ஒரு கரைச்சலும் வராது.

மட்டக்களப்புக்குப் போனா பாயோட ஒட்ட வெச்சிருவாங்க எண்டு யாழ்ப்பாணத்தார் நம்மளைப் பத்திச் சொல்லுவாங்க, தெரியும்தானே? வந்தவன் எழும்பிப் போகமாட்டான், கலியாணம் முடிச்சு இஞ்சயே கிடந்திருவான் எண்டு. லண்டனில பாய் இல்ல மனே, சோபா. ஈஸ்ட் ஹாம் சோபாக்கு முன்னால நம்மட பாயெல்லாம் ஒண்டுமில்ல. ஹீத்ரோவில இறங்குவாய். மாமாட மகன் காரோட நிப்பான். நேர சோபாவில கொண்டுபோய் இருத்துவாங்க. தேத்தண்ணி, ரீவியில நாடகம், மத்தியானம் சோறு, மறுகா நித்திரை. சனிக்கிழமை ஒரு சாமத்தியச் சடங்கு. கார்ப் பாக்குக்குப் பக்கத்தில ஒரு ஹோல், உள்ளுக்கு முழுக்கப் பிளாஸ்ரிக் பூ. ஞாயிற்றுக்கிழமை பேத்டே, அதே ஹோல், அதே ஆக்கள், சீலை மட்டும் வேற. நடுவுல ஒரு நாள் ஹைகேட் முருகன், ஒரு நாள் ஈலிங் அம்மன். ரெண்டு கிழமை முடிஞ்சிரும். அப்பிடிப் போய் வந்த ஒருத்தரிட்ட லண்டன் எப்பிடி எண்டு கேட்டன். கனக்க யோசிச்சார். யோசிச்சுப்போட்டு, 'மருமகன்ட கார் நல்ல கார்' எண்டார்.

அதுக்காக மாமி வீட்டுக்குப் போகாத எண்டு சொல்லல்ல. லண்டன் ஹொட்டலில படுத்தா உன்ட மோட்டார் சைக்கிளையும் வித்துத்தான் பில் கட்ட வேணும். மாமிட சோத்தைத் தின்னு, மாமிட கட்டில்ல படு, சோபாவில மட்டும் இராத. காலமை வெள்ளன எழும்பிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நில்லு. நிக்கிறவனை இருத்துறது கஷ்டம். 'இருட்ட முதல் வந்திரு மகன்' எண்டு மாமி சொல்லுவா. 'ஓம் மாமி' எண்டு பவ்வியமாச் சொல்லு. நீ போறது ஆனி மாசம். அங்க அந்த மாசம் சூரியன் படுறது இரவு ஒன்பது மணி தாண்டி. மாமிட சொல்லையும் மீறினதா இரிக்காது.

எங்க, உன்ட போனில எழுதி வெச்சிரிக்கிற பட்டியலைக் காட்டு. முதல் நாள் காலமை அரண்மனை, பத்து மணிக்குப் பிக் பென், பதினொண்டுக்கு அந்தப் பெரிய சில்லு, மத்தியானம் மெழுகுப் பொம்மை. எடேய், தேர்தலுக்கு நிக்கிறவன் கூட ஒரு நாளைக்கு இத்தின இடத்துக்குப் போகமாட்டான். பாதியை வெட்டு. மெழுகுப் பொம்மைக்குக் காசு குடுக்க வேணாம். ஆடாம அசையாமச் சிரிச்சுக்கொண்டு நிக்கிற ஆக்களை அந்தச் சாமத்தியச் சடங்கில போட்டோப் பிடிக்கக்க பாக்கலாம்.

இனிப் பொட்டி. முப்பது கிலோ விடுவானாம் எண்டு ஊருக்கே சொல்லி வெச்சிரிக்கா உன்ட அம்மா. அதில உன்ட உடுப்பு நாலு கிலோ. மிச்சமெல்லாம் ஊராக்கள்ற பாசம். பெரியம்மா தயிர்ச் சட்டி கட்டித் தாறன் எண்டு நிக்கிறாவாம். எருமைத் தயிர் நல்லாத்தான் இரிக்கும், ஆனா நம்மட நாட்டில இருந்து இறைச்சியும் பால் சாமானும் கொண்டுவரப்படாது எண்டு அவனுக்குச் சட்டம். கண்டா எடுத்து வீசுவான். பெரியம்மாட்ட இதைச் சொன்னா அழுவா. அதால வாங்கி, கட்டுநாயக்காவுக்குப் போற வழியில சாப்பிட்டிரு. 'உன்ட பொட்டியை நீதான் அடுக்கினயா?' எண்டு எயாப்போட்டில கேட்டா, ஓம் எண்டுதான் சொல்ல வேணும். அப்ப நீயே அடுக்கு. ஒட்டின பார்சலெல்லாத்தையும் குடுத்தவங்களுக்கு முன்னாலயே பிரி. கோவிப்பாங்க. கோவிக்கட்டும், பிடிபட்டா மறியலுக்குப் போறது நீதான்.

மாமாட மகன்ட காருக்குக் காத்திராட்டி, ஹீத்ரோவில இருந்து ஊருக்குள்ள போக மூண்டு ரெயில் இரிக்கு. ஒண்டு கால் மணித்தியாலத்தில கொண்டுபோகும், காசையும் அதே கெதியில கொண்டுபோகும். மற்றது 2022 இல திறந்த எலிசபெத் லைன், நடுத்தரம். மூண்டாவது பழைய பிக்கடில்லி லைன், ஆறுதலாப் போகும், ஆக மலிவு. மட்டக்களப்பில இருந்து கொழும்புக்குக் கோச்சியில ராத்திரி முழுக்கக் குந்திப் போற உனக்கு, லண்டனுக்குள்ள ஒரு மணித்தியாலம் பெரிய பாடில்ல. ஸ்டேசனில காட்டைத் தட்டி உள்ள போ, இறங்கினதும் தட்டி வெளிய வா. கவனம், போகக்க காட்டைத் தட்டிப்போட்டு வரக்க போனைத் தட்டினா, ரெண்டு பேர் அரைவாசிப் பயணம் போயிட்டானுகள் எண்டு கணக்கெடுத்து ரெண்டு பேரிட்டயும் கூடின காசை வெட்டுவான். நீ ஒரு ஆள்தான் எண்டு மிசினுக்குத் தெரியாது. ஒரே காட்டாத் தட்டினா, ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல எடுக்கமாட்டன் எண்டு ஒரு எல்லை வெச்சிரிக்கான். நம்மட முச்சக்கர வண்டிக்காரனுகள்ட்ட இதைச் சொல்லிப்பார், சிரிப்பானுகள்.

பஸ்ஸில ஏறக்க ஒருக்காத் தட்டினாப் போதும். காசை நீட்டாத, 2014 இல இருந்து பஸ்ஸில காசு வாங்குறதை விட்டுட்டான். ரெயில் ஸ்டேசனில ஓடுற படியில வலப் பக்கம் ஒதுங்கி நில்லு. இடப் பக்கம் அவசரக்காரனுகளுக்கு. அங்க எல்லாரும் அவசரக்காரனுகள். ரெயிலுக்குள்ள இருந்தா பக்கத்து ஆளிட்ட எந்த ஊர், எத்தின பிள்ளை, சம்பளம் எவ்வளவு எண்டு கேக்கப்போகாத. 1863 இல அந்த நிலக்கீழ் ரெயில் ஓடத் தொடங்கினதில இருந்து ஒருத்தனோட ஒருத்தன் கதைக்காமத்தான் போறானுகளாம். கதைக்காம இரிக்க ஏலாட்டி வயசான வெள்ளைக்காரிக்குப் பக்கத்தில இரு. கிழடுகளுக்கு எந்த ஊரிலயும் கதைக்க ஆள் தேவை. இப்ப எனக்கு நீ கிடைச்சமாதிரி.

கடையில விலையைப் பாத்தா உடன ரூபாயில பெருக்காத. பெருக்கினா ஒரு கோப்பித் தண்ணியும் தொண்டையால இறங்காது. குழாய்த் தண்ணி குடிக்கலாம், ஒரு போத்தலைக் கொண்டுபோ.

ஆத்தைப் பாக்காம வராத. நம்மட வாவியில தண்ணி ஏறி இறங்குறது கண்ணுக்குப் பெரிசாத் தெரியாது. தேம்ஸ் ஒரு நாளைக்கு ரெண்டு தரம் ஏறி இறங்கும், பெரிய வத்துப்பெருக்கில ஏழு மீற்றர் வரைக்கும். வத்தின நேரம் கரையில பழைய சாமானெல்லாம் கிடக்குமாம். கண்டிட்டு ஒரு ஓட்டுத் துண்டையும் பொறுக்காத, அதுக்கும் பெர்மிட் வேணும். மறுகா, ரெண்டு கோபுரம் வெச்சு நடுவால தூக்குற பாலம் இரிக்கே, 1894 இல கட்டினது, அதுக்கு முன்னால நிண்டு போட்டோ எடுத்து 'லண்டன் பாலத்தில நான்' எண்டு போடாத. அது டவர் பிரிட்ஜ். லண்டன் பாலம் அங்கால, பாக்க ஒண்டுமில்லாத கொங்கிறீற்றுப் பாலம். முந்தி இருந்த கல்லுப் பாலத்தை 1968 இல ஒரு அமெரிக்கனுக்கு வித்துட்டானுகள். அவன் கல்லுக் கல்லாக் கழட்டிக் கொண்டுபோய் அரிசோனா வனாந்தரத்தில பூட்டினான். நாங்களும் 2013 இல கல்லடியில புதுப் பாலம் திறந்தோம். வெள்ளைக்காரத் துரைசானிட பேர் வெச்ச பழைய இரும்புப் பாலத்தை ஆருக்கும் விக்கல்ல. ஆரும் கேக்கல்ல, அது வேற கதை.

உன்ட பட்டியல்ல இல்லாத ஒண்டு சொல்லுறன். ஈஸ்ட் ஹாமில இருந்து கனதூரமில்ல, வுலிச். அங்க ஆத்தைக் கடக்கப் பாதை ஓடுது. நம்மட மண்முனையில 2014 இல பாலம் வாறவரைக்கும் ஓடினதே, அது மாதிரி, காரும் லொறியும் ஏத்தித் தண்ணியில மிதந்து போற பாதை. 1889 இல தொடங்கினது, இண்டைக்கு வரைக்கும் காசு வாங்கல்ல. போகக்க அதில போ. வரக்க ஆத்துக்கு அடியால நடந்து வா. 1912 இல சுரங்கம் வெட்டி வெச்சிரிக்கானுகள், அதுக்கும் காசில்ல. ஒரு சல்லி செலவில்லாம ஆத்துக்கு மேலயும் கீழயும் போன ஆள் எண்டு வந்து சொல்லலாம். உன்ட மாமா அங்க எத்தின காலமா இரிக்கார், கேட்டுப்பார், அவருக்கு அது தெரியாது.

இன்னொரு இடம். பிரிட்டிஸ் மியூசியம். அதுவும் சும்மாதான், வாசல்ல உன்ட பேக்கை மட்டும் கிண்டிப் பாப்பானுகள். முப்பத்திமூண்டாம் அறைக்குப் போ. அங்க ஒரு பொம்பிள நிக்கிறா. வெண்கலத்தில வாத்துப் பொன் பூசினவ, உயரம் 143 சென்ரிமீற்றர், வயசு ஆயிரத்தைத் தாண்டிட்டு. தாரா எண்டு பேர். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில கண்டெடுத்ததாம். கண்டி ராசாவைப் பிடிச்ச தேசாதிபதி பிரவுண்றிக் கொண்டுபோய் 1830 இல அங்க குடுத்தவர். நம்மட கரையில இருந்து விசாவும் இல்லாம, பேங் புத்தகமும் காட்டாமப் போய்ச் சேந்தவ அவதான். அரைக்கு மேல உடுப்பில்ல எண்டு வெள்ளைக்காரன் வெக்கப்பட்டு, முப்பது வருசமளவில ஆக்களுக்குக் காட்டாமப் பூட்டி வெச்சிருந்தானாம். தூக்கிக்கொண்டு போகக்க வராத வெக்கம்.

அவக்கு முன்னால ஒள்ளுப்பம் நில்லு. போட்டோ எடுத்திட்டு ஓடிவராத, பாரு. வந்ததும் பெத்தப்பா ஒரு கேள்விதான் கேப்பன்: அவட இடக் கையில என்ன இரிக்கு? சாமத்தியச் சடங்குக்குப் போய் வந்தவனையும் லண்டனுக்குப் போய் வந்தவனையும் நான் பிரிக்கிறது அந்தக் கேள்வியாலதான். போன தையில வந்த ஒருத்தன் கேட்ட உடன, கொஞ்சமும் யோசிக்காம, 'தாமரைப்பூ' எண்டான். கை நிறையப் பூவாம், வாசமும் வந்திச்சாம். நான் ஒண்டும் சொல்லல்ல. அவனுக்கு இன்னொரு தேத்தண்ணி சொல்லி, சீனியைக் கூடப் போடச் சொன்னன்.