மூத்தோரை மதிக்கும் கட்சி

அமெரிக்காவில் பெரியவர்களுக்கு மரியாதை கிடையாது என்று ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். வயதானால் முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்களாமே என்று என்னிடமே பரிதாபமாகக் கேட்கிறார்கள். எங்கள் ஜனநாயகக் கட்சியைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. உட்கார்ந்த பெரியவரை எழுந்திருக்கச் சொல்லாத கட்சி இது. குடியுரிமை வாங்கி 1984-இல் முதல் வாக்கைப் போட்டதிலிருந்து நான் இந்தக் கட்சிக்காரி. இப்போது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டேன். குறை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மனதாரப் புகழ ஒருத்தியாவது வேண்டாமா?

கலிஃபோர்னியாவின் செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் 2023 செப்டம்பரில், 90-ஆவது வயதில், பதவியில் இருக்கும்போதே காலமானார். அந்த ஆண்டு அக்கி கண்டு சில மாதங்கள் அவரால் அவைக்கு வர முடியவில்லை. செனட்டின் நீதித்துறைக் குழுவில் அவர் ஓர் உறுப்பினர். அவருடைய வாக்கு இல்லாததால் பைடன் நியமிக்க நினைத்த நீதிபதிகள் சிலருடைய பெயர்கள் குழுவிலேயே தங்கிப்போயின. விலகிக்கொள்ளலாமே என்று ஓரிருவர் சொன்னது எடுபடவில்லை. நீதிபதிகள் காத்திருக்கலாம், பெரியவர் மனம் நோகக் கூடாது என்று நினைக்கும் பண்பு எத்தனை கட்சிகளுக்கு உண்டு? அவர் சக்கர நாற்காலியில் அவைக்குத் திரும்பியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது என் கண் கலங்கியது. அந்த உடம்பை வீட்டில் படுக்கவிடாத அளவுக்குக் கட்சி அவரிடம் அன்பு வைத்திருந்தது.

இந்த அன்பு ஒருவரோடு நின்றுவிடவில்லை. 2024 டிசம்பரில், பிரதிநிதிகள் சபையின் மேற்பார்வைக் குழுவில் எங்கள் கட்சிக்குத் தலைமை தாங்குவது யார் என்று ஒரு போட்டி வந்தது. ஒரு பக்கம் 35 வயது அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ். மறுபக்கம் 74 வயது ஜெர்ரி கானலி. தனக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் என்று அதற்கு முந்தைய மாதம்தான் கானலி அறிவித்திருந்தார். கட்சி சீனியாரிட்டியை மறக்கவில்லை. 131 பேர் அவருக்கும் 84 பேர் அந்தப் பெண்ணுக்கும் வாக்களித்தார்கள். 2025 மே 21 அன்று கானலி காலமானார். சில்வெஸ்டர் டர்னர், ரவூல் கிரிஹால்வா என்ற வேறு இரு ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் அந்த மார்ச் மாதமே காலமாகியிருந்தார்கள். ஆக மூன்று நாற்காலிகள் காலி. மறுநாள் காலையில் டிரம்ப்பின் பெரிய வரி மசோதா, ஏழைகளின் மருத்துவ உதவியான மெடிக்கெய்டை வெட்டும் மசோதா, அதே சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 215, எதிர்ப்பு 214.

மெடிக்கெய்டை நம்பித்தான் இந்த நாட்டின் முதியோர் இல்லங்களில் பெரும்பாலானோர் இருக்கிறார்கள். பெரியவர்கள் மீதான மரியாதை சபைக்குள்ளே முழுவதும் செலவாகிவிட்டால் வெளியே இருக்கும் பெரியவர்களுக்குக் கொஞ்சம் குறையத்தானே செய்யும்.

ரூத் பேடர் கின்ஸ்பர்கை எங்கள் தலைமுறைப் பெண்கள் தெய்வமாக வைத்திருந்தோம். அவர் கட்சிக்காரர் அல்ல, உச்ச நீதிமன்ற நீதிபதி. ஆனால் எங்கள் கட்சியின் பண்பு அவருக்கும் இருந்தது. 2013-இல் அவருக்கு 80 வயது, இரண்டு முறை புற்றுநோய் வந்து தேறியிருந்தார். அதிபர் ஒபாமா, செனட்டும் எங்கள் கையில். அந்த ஆண்டு ஒபாமா அவரை மதிய உணவுக்கு அழைத்தார். ஓய்வு பற்றி வெளிப்படையாகக் கேட்கும் அளவுக்கு அவர் மரியாதை தெரியாதவர் அல்ல. கின்ஸ்பர்க் தொடர்ந்தார். அவருடைய முகம் அச்சிட்ட கோப்பையில்தான் எங்கள் வீட்டில் தினமும் காபி. வெள்ளைக் கழுத்துப்பட்டியும் தலையில் ஒரு கிரீடமுமாக இருப்பார். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டுப் போட்டுக் கிரீடம் அழிந்துவிட்டது, கழுத்துப்பட்டி மட்டும் மங்கலாகத் தெரிகிறது. அவர் 2020 செப்டம்பர் 18 அன்று காலமானார். அதிபர் தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு அந்த இடத்தில் டிரம்ப் நியமித்த ஏமி கோனி பேரட் அமர்ந்தார். 2022 ஜூன் 24 அன்று, கருக்கலைப்பு உரிமையைத் தந்த 1973-ஆம் ஆண்டின் ரோ தீர்ப்பு ரத்தானது.

எங்கள் கட்சியின் பொறுமைக்கு ஈடு இல்லை என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். ரோ தீர்ப்பு 49 ஆண்டுகள் உயிரோடு இருந்தது. நீதிபதிகள் தந்ததை நீதிபதிகள் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்பது சட்டம் படிக்காத எனக்கே தெரியும். அதைக் காங்கிரஸில் சட்டமாக்கிவிட்டால் பறிப்பது இவ்வளவு எளிதாக இருந்திருக்காது. கார்ட்டர் காலத்தில் இரு அவைகளும் எங்களிடம் இருந்தன. கிளின்டனின் முதல் இரண்டு ஆண்டுகளில் இருந்தன. ஒபாமாவின் முதல் இரண்டு ஆண்டுகளில் இருந்தன, அதில் சில மாதங்கள் செனட்டில் முட்டுக்கட்டையைத் தாண்டத் தேவையான 60 பேர். 2007-இல் வேட்பாளராக இருந்த ஒபாமா, அதிபரானால் முதல் வேலையாக அந்த உரிமைச் சட்டத்தில் கையெழுத்திடுவேன் என்றார். 2009 ஏப்ரலில் அதிபர் ஒபாமா, அது தன் முன்னுரிமைகளில் உச்சத்தில் இல்லை என்றார். பதறிய காரியம் சிதறும் என்று தெரிந்தவர்கள் எங்கள் தலைவர்கள். ஆனால் 2022-இல் தீர்ப்பு வந்த அன்று யாரும் பொறுமையாக இருக்கவில்லை. அன்றைக்கே நன்கொடை கேட்டுச் செய்தி வந்துவிட்டது.

ஆண் பெண் சம உரிமைத் திருத்தத்தையும் கட்சி மறந்துவிடவில்லை. 1972-இல் காங்கிரஸ் நிறைவேற்றிய திருத்தம் அது. 2020 ஜனவரியில், தேவையான 38-ஆவது மாநிலமாக வர்ஜீனியா ஒப்புதல் தந்தது. அது அரசியல் சாசனத்தில் சேர்ந்துவிட்டது என்பது தன் கருத்து என்று பைடன் அறிவித்தது 2025 ஜனவரி 17 அன்று. ஜனவரி 20 அன்று அவர் பதவிக்காலம் முடிந்தது. நான்கு ஆண்டுகளில் கடைசி மூன்று நாளை எங்களுக்காக ஒதுக்கி வைத்திருந்திருக்கிறார். திருத்தத்தை முறைப்படி வெளியிட வேண்டிய ஆவணக் காப்பக அதிகாரி வெளியிடவில்லை.

அதிபர் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுப்பதில் கட்சிக்கு இருக்கும் விசுவாசத்தைச் சொல்லாவிட்டால் இந்தப் புகழ்ச்சி முழுமையாகாது. 2002 அக்டோபரில் இராக் போருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் செனட்டில் வந்தபோது எங்கள் கட்சியில் 29 பேர் ஆதரித்தார்கள், 21 பேர் எதிர்த்தார்கள். ஆதரித்த ஜான் கெர்ரி 2004-இல் அதிபர் வேட்பாளர். ஆதரித்த ஜான் எட்வர்ட்ஸ் அவருக்குத் துணை. ஆதரித்த ஜோ பைடன் இரண்டு முறை துணை அதிபர், பிறகு அதிபர். ஆதரித்த ஹிலாரி கிளின்டன் 2016-இல் அதிபர் வேட்பாளர். நடுவில் வந்த ஒபாமா போரை எதிர்த்தவர்தான், ஆனால் அப்போது அவர் செனட்டிலேயே இல்லை. வேண்டாம் என்று கைதூக்கிய அந்த 21 பேரில் ஒருவரைக்கூட அதிபர் பதவிக்கோ துணை அதிபர் பதவிக்கோ நிறுத்தி இதுவரை தொந்தரவு செய்ததில்லை.

ஹிலாரிக்கு விஸ்கான்சின் மக்கள்மீது இருந்த நம்பிக்கையும் பெரிது. வேட்பாளரான பிறகு அவர் அந்த மாநிலத்துக்கு ஒருமுறைகூடப் பிரசாரத்துக்குப் போகவில்லை. போய்க் கேட்டால்தான் போடுவார்களா என்ன? சுமார் 23,000 வாக்குகளில் அந்த மாநிலம் கைவிட்டுப் போனது. நாடு முழுவதும் 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் அவரால் அதிபராக முடியவில்லை. அன்றிரவு நான் தூங்கவில்லை.

2024-இல் பைடனுக்கு வயது 81. மறுபடி நிற்க வேண்டாம் என்று அவரிடம் யார் சொல்வது என்ற தயக்கத்திலேயே ஒரு வருடம் போனது. வாக்காளர்களுக்கும் சிரமம் தரவில்லை. ஃப்ளோரிடாவில் கட்சி பைடன் பெயரை மட்டும் கொடுத்ததால் வேட்பாளரைக் கட்சி வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலே ரத்தானது. ஜூன் 27 விவாதத்தில் அவர் வாக்கியங்களை முடிக்க முடியாமல் திணறியதை நாடே பார்த்தது. அதற்குப் பிறகும் 24 நாள் மரியாதை காத்தார்கள். ஜூலை 21 அன்று அவர் விலகினார். தேர்தலுக்கு 107 நாள் இருந்தது. கமலா ஹாரிஸுக்கு அவ்வளவு போதும் என்று அவருடைய திறமையை மதிப்பிட்ட கட்சியை எப்படிப் பாராட்டாமல் இருப்பது?

கமலா விஷயத்தில் எனக்குத் தனி உரிமை உண்டு. அவருடைய அம்மா சியாமளா கோபாலன் எங்களுக்கெல்லாம் முன்னால், 1958-இல், பெர்க்லியில் படிக்க வந்தவர். 2020 ஆகஸ்டில் துணை அதிபர் வேட்பாளராகப் பேசும்போது கமலா ‘சித்திகள்’ என்று ஒரு சொல்லைச் சொன்னார். இந்த நாட்டில் இருக்கும் சித்தி, பெரியம்மா எல்லாரும் அன்று அழுதோம். தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் அவருக்காகப் பூஜை நடந்தது. அவரிடம் நம் ஊர்க் குணம் ஒன்று இருக்கிறது, செய்ந்நன்றி மறவாமை. பைடனிடமிருந்து எதில் வேறுபட்டு நடந்திருப்பீர்கள் என்று 2024 தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு தொலைக்காட்சியில் கேட்டார்கள். எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றார். தன்னைத் துணை அதிபராக்கியவரை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஏழு ஊசலாட்ட மாநிலங்களும் அவரை விட்டுக்கொடுத்தன.

விருந்தோம்பலும் அந்தத் தேர்தலில் குறைவில்லை. சிகாகோ மாநாட்டு மேடையில் குடியரசுக் கட்சிக்காரர்களுக்கு இடம் இருந்தது. பிணைக்கைதியாகக் காஸாவில் இருந்த ஒரு மகனின் பெற்றோர் பேசினார்கள், பேச வேண்டியவர்கள்தான், கேட்டவர்கள் அழுதார்கள். பாலஸ்தீன வம்சாவளி அமெரிக்கர் ஒருவரும் சில நிமிடம் பேசட்டும் என்ற கோரிக்கைக்கு மட்டும் மேடையில் இடம் போதவில்லை. இராக் போரை முன்னின்று நடத்திய டிக் செய்னி ஆதரவு தந்தபோது கட்சி மகிழ்ந்து ஏற்றுக்கொண்டது. அந்தப் போருக்கு எதிராக எலும்பில் இறங்கும் குளிரில் பதாகை பிடித்து நின்ற பெண்கள் எங்கே போய்விடப்போகிறார்கள்?

அந்த அக்டோபரில் பென்சில்வேனியாவில் எங்கள் பகுதியில் வீடு வீடாகப் போனேன். கைபேசியில் முகவரிப் பட்டியலும் பேச வேண்டிய வரிகளும் இருக்கும். வாக்காளர் பதிலைக் குறிக்க உறுதியான ஆதரவிலிருந்து உறுதியான எதிர்ப்பு வரை ஐந்து கட்டங்கள். ஒரு வீட்டில், முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து அப்போதுதான் வந்த பெண் கதவைத் திறந்தாள். நீலச் சீருடை, கழுத்தில் இன்னும் கழற்றாத அடையாள அட்டை. வாடகை ஏறிவிட்டது, முட்டை விலை ஏறிவிட்டது, இரண்டாவது வேலை பார்க்கிறேன், உங்கள் ஆள் இதற்கு என்ன செய்வார் என்று கேட்டாள். நான் மக்களாட்சிக்கு வந்திருக்கும் ஆபத்தைப் பற்றிச் சொன்னேன். அது உண்மை, அதில் எனக்கு இம்மியும் சந்தேகமில்லை. அவள் தலையாட்டினாள், களைப்பாக இருக்கிறது என்று கதவை மூடினாள். வாடகையைக் குறிக்க ஆறாவது கட்டம் ஒன்றும் கைபேசியில் இல்லை.

எங்கள் மாநிலத்தில் இன்றும் நடப்பில் இருப்பது மணிக்கு 7.25 டாலர் என்ற மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலிதான். 2009 ஜூலையில் வந்த தொகை. 2021 மார்ச்சில் அதை 15 டாலராக்கும் முயற்சி செனட்டில் தோற்றபோது எங்கள் அணியிலேயே எட்டுப் பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். மாற்றுக் கருத்துக்கு இவ்வளவு இடம் கொடுக்கும் கட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வெளியே இருக்கும் எங்களைப் போன்ற கிழவிகளைக் கட்சிக்காரர்கள் மறந்துவிட்டார்கள் என்றும் யாரும் சொல்லிவிட முடியாது. பிள்ளைகள் வாரம் ஒருமுறை பேசுவார்கள். வேட்பாளர்கள் பெயரில் கைபேசிச் செய்தி மணிக்கொருமுறை வரும். நள்ளிரவுக்குள் ஐந்து டாலர் அனுப்பினால் நான்கு மடங்காகும் என்று, நான் மிதித்தேயிராத மாநிலங்களிலிருந்து, பெயர் சொல்லி அழைத்துக் கேட்பார்கள். கமலாவின் பிரசாரத்துக்கு 100 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. அதில் ஓய்வூதியத்திலிருந்து பிரிந்து போன சின்னத் தொகைகள் எத்தனையோ. அஞ்சலட்டை எழுதியதும் நாங்கள்தான், தொலைபேசியில் திட்டு வாங்கியதும் நாங்கள்தான், வாக்குச்சாவடியில் விடியற்காலையிலிருந்து உட்கார்ந்ததும் நாங்கள்தான். டிரம்ப்புக்கு நான் ஒருநாளும் வாக்களிக்க மாட்டேன். இது கட்சிக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் போக்கிடம் இல்லாதவர்கள் என்று எங்களை இவ்வளவு துல்லியமாகப் புரிந்துவைத்திருக்கும் இன்னொருவரை இந்த வயதில் நான் எங்கே தேடுவேன்?

என் வயதுப் பெண்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நவம்பரில் நமக்கு வேறு வழியில்லை. பிரைமரியில் உண்டு. அங்கே வருகிறவர்கள் குறைவு, வருகிறவர்களில் நம் வயதுக்காரர்கள் அதிகம், அதனால் நம் ஒரு வாக்குக்கு அங்கே எடை கூடுதல். அடுத்த முறை பணம் கேட்டுச் செய்தி வந்தால் அனுப்புவதற்கு முன், கருக்கலைப்பு உரிமையைச் சட்டமாக்குவீர்களா, கூலியை உயர்த்துவீர்களா, எத்தனை முறைதான் நிற்பீர்கள் என்று வேட்பாளரிடம் நேரில் கேளுங்கள். பதில் பிடிக்காவிட்டால் எதிர்த்து நிற்கும் இளையவருக்குப் போடுங்கள். பென்சில்வேனியாவில் கட்சியின் பெயரில் பதிவு செய்தவர்கள் மட்டும்தான் பிரைமரியில் வாக்களிக்க முடியும். பதிவு செய்யக் கடைசி நாள், தேர்தலுக்கு 15 நாள் முன்பு.