நாலே முக்கால் அங்குலச் சக்கரவர்த்தி

பழவேற்காட்டில் வெளியூர்க்காரர்கள் வந்து பெட்டி இறக்குவது புதிதல்ல. ஒருகாலத்தில் டச்சுக்காரர்கள் இறக்கினார்கள். 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, துணி வாங்கி விற்று, கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்திவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கப்புறம் குப்பங்களில் வீடு வீடாக இறங்கிய பெரிய சரக்கு, 2006 தேர்தல் வாக்குறுதிப்படி கலைஞர் அரசு கொடுத்த இலவச கலர் டிவி. 14 அங்குலம்.

14 என்பது மூலைக்கு மூலை அளந்த கணக்கு. நிஜத்தில் அகலம் 11 அங்குலமும் சொச்சமும். உயரம் எட்டரைக்குக் கொஞ்சம் குறைவு. அதில் முழு சினிமாஸ்கோப் படத்தையும் வெட்டாமல் காட்டினால், படத்தின் உயரம் நாலே முக்கால் அங்குலம். மிச்சமெல்லாம் மேலேயும் கீழேயும் கருப்புப் பட்டை. “பாதி டிவி இப்ப, மீதி அடுத்த எலெக்‌ஷனுக்கா?” என்று யாராவது கேட்டிருந்தால் தப்பே இல்லை. அடுத்த தேர்தலும் 2011-ல் வந்தது. ஆட்சி மாறி மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. மீதி டிவி வரவில்லை.

இதற்கு அரசைத் திட்டிப் பயனில்லை. முதல் குற்றவாளி எடிசனிடம் சம்பளத்துக்கு இருந்த டிக்சன். 1890-களில் பிலிம் சுருளை நெடுக்கே இரண்டாகக் கிழித்து, ஒரு அங்குல அகலம், முக்கால் அங்குல உயரம் என்று கட்டம் போட்டார். அதுதான் 4:3. ஏன் அந்த அளவு என்று அவர் யாருக்கும் விளக்கம் எழுதி வைக்கவில்லை. முதலாளி கேட்டிருக்கவும் மாட்டார். பிறகு பேசும்படம் வந்து, ஒலிக்கோடு ஓரத்தைத் தின்றது. 1932-ல் ஹாலிவுட் அகாடமி பஞ்சாயத்து பண்ணி 1.37 என்று தீர்ப்புச் சொன்னது. டிவி பிறந்ததும் கிட்டத்தட்ட அதே கட்டத்தைத் தூக்கிக்கொண்டது.

அங்கேதான் வம்பு. டிவி வந்ததும் அமெரிக்கத் தியேட்டர்களில் ஈ ஓடியது. வீட்டுப் பெட்டியால் முடியாத ஒன்றைச் செய்து காட்ட வேண்டும் என்று ஃபாக்ஸ் கம்பெனிக்கு வீம்பு. பிரான்சில் ஹென்றி கிரேத்தியன் என்ற வானியலாளர், அகலமான காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிப் பிலிமில் அடைத்து, திரையில் மறுபடி விரிக்கும் லென்ஸ் ஒன்றை 1920-களிலேயே செய்திருந்தார். கால் நூற்றாண்டாகப் பெரிதாகச் சீந்த ஆளில்லாமல் கிடந்த அதைத் தேடிப் போய் வாங்கி, சினிமாஸ்கோப் என்று பேர் வைத்து, 1953-ல் ‘தி ரோப்’ எடுத்தார்கள். இந்தியாவில் 1959-ல் குரு தத் ‘காகஸ் கே பூல்’ எடுத்தார். திரை விரிந்தது, வசூல் சுருங்கியது.

தமிழுக்கு இந்த அகலம் வந்தது 1973-ல், ஏ.பி. நாகராஜனின் ‘ராஜராஜ சோழன்’ வழியாக. 216 அடி உயரத்துக்குக் கோயில் எழுப்பிய மனுஷனைக் காட்ட, உயரத்தை விட்டுவிட்டு அகலத்தைப் பிடித்தோம். ராஜராஜனாக நடித்த சிவாஜிக்கு அந்த அகலமும் போதாது என்பது வேறு விஷயம். அவர் புருவத்துக்கே தனித் திரை வேண்டும்.

1975-ல் சென்னைத் தொலைக்காட்சி வந்தது. ஸ்கோப் படத்தை 4:3 பெட்டியில் நிரப்ப, இரண்டு ஓரத்தையும் வெட்டுவது வழக்கம். டூயட்டில் நாயகன் இடது ஓரம், நாயகி வலது ஓரம். நடுவில் நிற்கும் மரம் மட்டும் குடும்பத்தோடு வீட்டுக்கு வரும்.

கடைசியில் சமரசம் பேசியவர் கெர்ன்ஸ் பவர்ஸ், அமெரிக்கப் பொறியாளர். 1980-களில், புழக்கத்திலிருந்த திரை வடிவங்களையெல்லாம் ஒரே பரப்பளவில் செவ்வகங்களாக வரைந்து, நடுப்புள்ளி பொருந்த ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். எல்லாவற்றையும் சுற்றி நின்ற சட்டமும், எல்லாவற்றுக்கும் பொதுவாக உள்ளே விழுந்த சட்டமும் ஒரே வடிவம்: 1.77. அதுதான் இன்றைய 16:9. பழவேற்காடு ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. முகத்துவாரத்தருகே இறால் விழும் நல்ல இடத்தில் இன்றைக்கு இந்தக் குப்பம் வலை கட்டினால், முறை மாறி இன்னொரு நாள் அடுத்த குப்பம். ஒருநாளாவது முழு இடமும் கிடைக்கும். பவர்ஸ் பங்கீட்டில் அதுவும் இல்லை. ஸ்கோப் படத்துக்கு மேலும் கீழுமாகக் கால் திரை கருப்பு. பழைய எம்ஜிஆர் படத்துக்கு இடமும் வலமுமாகக் கால் திரை கருப்பு. யாருக்கும் நிறைவில்லை என்பதால் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

நம் ஜனம் போடவில்லை. தவணை கட்டி வாங்கிய 32 அங்குலத்தில் கருப்புக்கும் சேர்த்துக் காசு கொடுப்பானேன்? ரிமோட்டில் ஒரே அழுத்து. படம் இழுபட்டுத் திரை நிறைந்தது. ஒல்லி நாகேஷ் ஒரே இரவில் தேறிவிட்டார். எம்ஜிஆரின் குதிரை எருமையானது. கருப்புப் பட்டை ஒழிந்ததே, அது போதும்.

இப்போது குப்பத்துப் பையன் ஃபைபர் படகில் நின்றபடி போனை நட்டுக்குத்தலாகப் பிடித்து ரீல்ஸ் எடுக்கிறான். பவர்ஸின் 16:9-ஐ நிமிர்த்தி வைத்த 9:16. அதைக் கொண்டுவந்து வீட்டு டிவியில் போட்டால், படம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இரு பக்கமும் அமாவாசை. அம்மா உட்கார்ந்து முழுசும் பார்த்துவிட்டுக் கேட்பாள்: “எல்லாம் சரிடா, தலையிலிருந்து கால்வரைக்கும் நீ தெரியிற. வலை எங்கடா?”