காலாவதிக் காரியல்: விற்பனைப் படலம், மூலமும் உரையும்

பாயிரம்

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனைப் பற்றி எழுதியோர் பலர். அதே வாவியின் இரு கரையிலும் படங்கு போர்த்திக் கிடக்கும் பாடாத கார்களைப் பற்றி எழுதியோர் இலர். எழுவான்கரையில் கல்லடி முதல் களுவாஞ்சிகுடி வரையும், படுவான்கரையில் வவுணதீவு முதல் மண்டூர் வரையும் நிற்கும் அக்கார்கள் விலைபோகும் முறை உரைத்தலே இந்நூலின் பயன். மூலமும் உரையும் ஒருவரே செய்தமையின், முரண்பாடு காணின் இருவரையும் கண்டிக்க.

நூற்பா 1: ஓடாது நின்றது காரன்று, பத்திரமே.

உரை: இச்சூத்திரம் விற்பொருள் யாதெனக் கூறுதல் நுதலிற்று. இலங்கையில் காரின் உயிர் என்ஜினில் இல்லை. முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வரி லைசன்சில் இருக்கிறது. பிரதேச செயலகம் அதை ஆண்டுதோறும் தரும். தருமுன் நடப்பு இன்சூரன்சும் புகைச் சோதனைச் சான்றும் கேட்கும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி, மூன்றாந் தரப்பு இன்சூரன்சாவது இன்றிக் கார் தெருவில் இறங்கலாகாது. புகைச் சோதனைக்கோ காரே நேரில் வரவேண்டும். லைசன்ஸ் இல்லாமல் தெருவில் போகக்கூடாது. போகாமல் புகை காட்ட முடியாது. புகை காட்டாமல் லைசன்ஸ் கிடையாது. தருக்க நூலார் இதைச் சக்கரகம் என்பர். கராஜ்காரர் லொறி வாடகை என்பர்.

நூற்பா 2: காலாவதிக்குக் காரணம் நான்கு: கட்டார், கடன், உப்பு, ஊழ்.

உரை: முதலாவது, சொந்தக்காரர் கட்டாருக்குப் போதல். சாவி அலுமாரியில், கார் முருங்கையின் கீழ். இரண்டாவது, லீசிங். கட்டி முடியாத காரின் பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியே முழு உரிமையாளராக இருக்கும். வாங்கியவருக்கு மிஞ்சுவது கழுவித் துடைக்கும் உரிமை. மூன்றாவது, வாவிக் காற்று. அது கதவின் அடித்தகரத்தில் தொடங்கி, லைசன்ஸ் எடுக்கும் ஆசையில் போய் முடியும். நான்காவது, 1978 நவம்பர்ச் சூறாவளியும் 2004 டிசம்பர்ச் சுனாமியும் போன்றவை. அவற்றில் புத்தகம் மட்டுமன்று, அதை வைத்திருந்த அலுமாரியும் வீடும் போயின. போரில், 2007 வரை வாவி இரு ஆட்சிகளுக்கு இடையே கிடந்தது. அக்காலத்தில் விடுபட்ட பத்திரங்கள் இவ்வுரையின் நகைக்கு உரியன அல்ல.

நூற்பா 3: விலையாவது இறந்த ஆண்டுகளைப் பங்கிடுதல்.

உரை: நிலுவை வரியும் தண்டமும் கட்டினால்தான் புது லைசன்ஸ். அதை யார் கட்டுவது என்பதே பேரம். அது நிகழுமாறு:

“எத்தின வருசமா லைசன்ஸ் எடுக்கல்ல மாமா?”

“நாலு வருசம்தான் மனே.”

“அப்ப நாலு வருசக் காசக் கழிச்சிப்போட்டுத்தான் பேசணும்.”

“கார் ஓடவே இல்லியே மனே, ஓடாத காருக்கு என்னத்துக்கு வரி?”

“ஓடாத காருக்கு என்னத்துக்கு மாமா இவ்வளவு விலை?”

இருவர் வாதமும் வலியன. ஓடாத வாகனத்தை ஓடவில்லையென்று முன்கூட்டியே அறிவிக்கும் வழி உண்டே எனின், உண்டு. அவ்வழி சென்றோர் சிக்கல் ஏதுமின்றி வாழ்வதால் ஆய்வுக்குப் பயன்படார்.

இனி ஒரு விதிவிலக்கு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்கள் வர மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில், மனிதருக்கு வாய்க்காத பேறாக, வயது ஏற ஏறக் காருக்கு மதிப்பும் ஏறிற்று. 2022 ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்தபோது ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர் என்றார்கள். பதிய செசி இலக்கம் வேண்டும் என்றதும், அதுவரை எவரும் தூக்காத படங்குகள் தூக்கப்பட்டன. ஓடும் கார் தன் பங்கைத் தானே குடித்துவிடும். ஓடாத காரோ பங்கைப் பெற்றுப் பிறர்க்கு ஈயும். ஆகவே ஓடாமையே அதன் சிறப்பு என்று கொண்டாரும் உளர்.

நூற்பா 4: கை மாறும், பெயர் மாறாது.

உரை: இது ஓப்பின் பேப்பர் ஆமாறு உணர்த்துகிறது. விற்பவர் பெயர்மாற்றப் படிவத்தில் கையொப்பம் இடுவார். வாங்குபவர் பெயருக்குரிய இடம் வெறுமையாக இருக்கும். அடுத்தவரும் அதை நிரப்பாமல் அதற்கடுத்தவருக்குக் கொடுப்பார். கைமாறியதைப் 14 நாளுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். பெயர் மாற்ற நடப்பு லைசன்ஸ் கேட்பார்கள் என்பதால், காலாவதிக் கார் இவ்வழக்கில் எளிதில் விழும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் கார் கரை மாறச் சில நிமிடம் போதும்; பெயர் மாற அப்படியொரு பாலம் இன்னும் இல்லை. விளைவு, ஒரு காருக்கு இரு தலைவர்: வைத்திருப்பவர் ஒருவர், புத்தகத்தில் இருப்பவர் ஒருவர். கார் முன்னவர்க்கு, பொலிசுக் கடிதம் பின்னவர்க்கு. இன்சூரன்ஸ் இல்லாத அக்கார் யாரையேனும் இடித்தால், என்றோ விற்றவரின் வாசலுக்கும் விசாரணை வரும்.

புறனடை: விற்பவர் நிலுவையைத் தாமே கட்டி, லைசன்ஸ் எடுத்து, வாங்குபவர் பெயரை எழுதி, அறிவித்தலையும் அனுப்பிவிட்டுச் சாவியைக் கொடுக்க. கைக்காசு சற்றுக் கரையும். கரைந்ததில் பாதி கார் விலையில் ஏறிவிடும், மீதி நிம்மதியின் விலை. வாங்குபவர் பொனற்றைத் திறக்குமுன் புத்தகத்தைத் திறக்க. அதிலுள்ள பெயருக்கும் விற்க வந்தவருக்கும் என்ன முறை என்று கேட்க. “கூட்டாளிட கூட்டாளி” என்று விடை வரின், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்புக.