இன்னோவேஷன் இல்லாத ஹவில்தாரின் விண்ணப்பம்

அனுப்புநர்: ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர், வேலூர் மாவட்டம்.

பெறுநர்: வரிச்சலுகை அருளும் பெரியோர்கள், தலைநகர்.

பொருள்: டீக்கடை வைக்க ஆசைப்பட்டும் புதுமை எதுவும் கைவசம் இல்லாத குற்றத்துக்கு மன்னிப்புக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

போன வாரம் முன்னாள் படைவீரர்களுக்காக நடந்த ஒரு தொழில் முகாமில் தங்கள் கருணையை மிக அருகில் தரிசிக்கும் பாக்கியம் கிடைத்தது. மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். கீழே இறங்கினால் 'ஆலோசனை' என்று எழுதி ஒட்டிய மேசை. அங்கே இருந்த தம்பி என் திட்ட அறிக்கையை வாங்கி, கடைசிப் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கிப் புரட்டினார். ஒரு டீக்கடைக் கம்பெனியின் ஃபிராஞ்சைஸ். பஸ் நிறுத்தத்தை ஒட்டி இடம். கட்டணம் 10 லட்சம்.

"இதுல இன்னோவேஷன் எங்க சார் இருக்கு?"

"டீ போடுவோம் தம்பி. இஞ்சி, ஏலக்காய்…"

"அது எல்லாரும் போடறதுதானே. ஆப் ஏதாவது?"

ஆப் இல்லை என்றேன். தம்பி என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அப்ப ஸ்டார்ட்அப் சலுகைக்கு வராது அங்கிள். செக்யூரிட்டி வேலைக்குப் பேர் குடுக்கறீங்களா? பக்கத்து டேபிள்தான்."

தம்பி மேல் தப்பில்லை. சட்டம் தங்களுடையது. 2016 ஏப்ரல் முதல் பிறந்த கம்பெனி, அரசு அங்கீகரித்த ஸ்டார்ட்அப் ஆகி, அதற்கென உள்ள அரசு வாரியத்தின் சான்றும் வாங்கிவிட்டால், முதல் 10 வருடத்தில் ஏதாவது தொடர்ச்சியான 3 வருட லாபத்துக்கு வரி கட்ட வேண்டாம். தாராள மனசு. ஆனால் அது கம்பெனியாகவோ எல்எல்பியாகவோ இருக்க வேண்டும். புதுமையாகவும் இருக்க வேண்டும். நான் தனி ஆள். வாங்கப்போவதோ ஃபிராஞ்சைஸ். அதில் புதுமை செய்தால் கம்பெனிக்காரன் ஒப்பந்தத்தை ரத்து செய்வான். செய்யாவிட்டால் தாங்கள் சலுகையை ரத்து செய்வீர்கள். இதைவிட நேர்த்தியான சுற்றிவளைப்பை நான் பணிக்காலத்தில்கூடப் பார்த்ததில்லை.

ஒன்றை மட்டும் பணிவோடு தெரிவிக்கிறேன். நான் வேலை பார்த்த இடமே ஒரு ஃபிராஞ்சைஸ்தான். மெட்ராஸ் ரெஜிமெண்ட் 1758இல் தொடங்கிய கடை. நீலகிரி வெலிங்டனில் தலைமையகம், நாடெங்கும் கிளை. வெலிங்டனில் கற்ற ட்ரில்லை லேயில் கொஞ்சம் மாற்றிப் பார்ப்போமே என்று எவனுக்காவது புதுமை தோன்றினால், முதுகில் மூட்டையை ஏற்றி மைதானத்தைச் சுற்றவிடுவார்கள். லங்கர் என்கிற படைச் சமையலறையின் டீ எங்கே குடித்தாலும் ஒரே ருசி, அதாவது ஒரே ருசியின்மை. போர்முழக்கம்கூட அதே 'வீர மதராசி, அடி கொல்லு'தான். எதிரி எதிரே நிற்கும்போது எவனும் புதுசாக ஒன்று எழுதிக்கொண்டிருக்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி, சொன்ன நேரத்தில், சொந்த மூளையைச் சேர்க்காமல் செய்வதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஃபிராஞ்சைஸ் கம்பெனிகள் இதற்குத்தான் ஆள் தேடுகின்றன. அரசாங்கம் இதற்குத்தான் எங்களைப் பழக்கியது. வெளியே வந்ததும் "புதுமை எங்கே?" என்று கேட்பதும் அதே அரசாங்கம். (இப்படிக் கேட்பதில் மட்டும் புதுமை இருக்கிறது. தங்களுக்கு 3 வருட விலக்கு தாராளமாகக் கிடைக்கும்.)

இனி ஜிஎஸ்டி என்னும் 18 சதவீதத்துக்கு வருவோம். ஃபிராஞ்சைஸ் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி 18. மாதாமாதம் கட்டும் ராயல்டிக்கும் 18. துணிக்கடைக்காரன் கட்டினால் இன்புட் என்று விற்பனை வரியில் கழித்துக்கொள்வான். டீயும் பன்னும் விற்பவன் உணவக வகை. 2017 நவம்பரிலிருந்து அவனுக்கு 5 சதவீதம், இன்புட் கிடையாது. ஆக, என் 10 லட்சத்தின் மேல் ஏறும் 1.80 லட்சம், முதல் கிளாஸ் டீ ஆற்றும் முன்பே போய்ச் சேர்கிறது. திரும்பாது. லாபம் வந்தால் வரி கட்டுகிறேன் ஐயா, அதில் எனக்கு வருத்தமே இல்லை. கடையின் ஷட்டரைத் தூக்குவதற்கு எதற்கு வரி?

மாநில அரசையும் குறை சொல்ல மாட்டேன். 2024 சுதந்திர தின உரையில் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் அறிவித்தார்கள். 1 கோடி வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம். நல்ல திட்டம், மனசாரச் சொல்கிறேன். ஆனால் கம்பெனி சென்னையில் இருந்தால் மேற்படி 18இல் பாதி மாநிலத்துக்கு. காக்கும் கரம் இரண்டில் ஒன்று கல்லாப்பெட்டிக்குள் இருக்கிறது.

பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்குநரகம் மதர் டெய்ரி பால் கடை நடத்த வழி செய்கிறதே என்பீர்கள். உண்மை. டெல்லியிலும் அதைச் சுற்றிலும். திருவண்ணாமலைக்காரனும் திருநெல்வேலிக்காரனும் அங்கே குடிபோய்ப் பால் ஊற்ற வேண்டியதுதான்.

அமெரிக்காவைப் பார் என்று மகன் சொல்கிறான். பார்த்தேன். அங்கே 1991 முதல் 'வெட்ஃபிரான்' என்ற ஏற்பாட்டில் கம்பெனிகளே படைவீரர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கின்றன. கட்டணத்தில் கால் பங்கை வருமான வரியில் கழித்துக்கொள்ள 2011இல் அவர்கள் நாடாளுமன்றத்துக்கு ஒரு மசோதா வந்தது. அப்புறமும் வந்தது. சட்டமாகவில்லை. செய்யாமல் இருப்பதில் தாங்கள் வல்லரசுக்குச் சமமாக நிற்கிறீர்கள், ஒரு சல்யூட்.

ஆனால் ஐயா, அந்தப் பக்கத்து டேபிள் தொண்டையில் நிற்கிறது. ராத்திரி முழுக்கப் பனியில் நின்றவனுக்கு ஏடிஎம் வாசல் ஸ்டூல்தான் மறுவாழ்வா? ரேடியோவும் ரேஷன் கணக்கும் 30 ஆள் கொண்ட படைப்பிரிவும் பார்த்தவனுக்கு, கண்ணாடிக் கதவைத் திறந்துவிடத்தான் தெரியும் என்று யார் முடிவு செய்தது? சொந்தக்காரர்களுக்குக் கேன்டீன் கோட்டா ஞாபகம், தலைவர்களுக்கு ஆகஸ்ட் 15 ஞாபகம். கடை வைக்கிறேன் என்று வந்தால் மட்டும் ஒருவருக்கும் எங்களை அடையாளம் தெரியாது. வெட்கமாக இல்லையா?

மன்னிக்கவும். ரத்த அழுத்தம். மாத்திரை போட்டுக்கொண்டு தொடர்கிறேன்.

என் வேண்டுகோள் சின்னது. லாபத்துக்கு விலக்கு கேட்கவில்லை. நுழைவுக் கட்டணத்தின் மேல் வாங்கும் ஜிஎஸ்டியை, டிஸ்சார்ஜ் புத்தகம் காட்டுகிறவனுக்கு ஒருமுறை திருப்பிக் கொடுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு கடை என்று வரம்பு வையுங்கள். எங்கள் பெயரில் பினாமிகள் புகுந்துவிடுவார்கள், அதுவும் தெரியும். இதில் புதுமை ஏதுமில்லை என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

அவசரம் எனக்கல்ல. 2022இல் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் நாலு வருடம் முடிக்கும் பையன்களில் நிரந்தரமாகத் தக்கவைப்பது 25 சதவீதம் வரைதான். மற்றவர்கள் இளம் வயதிலேயே, சேவா நிதி என்ற ஒருமுறைத் தொகை சுமார் 11.71 லட்சத்தோடு ஊர் திரும்புவார்கள். அந்தத் தொகைக்கு வருமான வரி இல்லை என்று சொன்னீர்கள், நன்றி. அதில் ஒருவன் நான் கேட்ட அதே டீக்கடையைக் கேட்டால், கட்டணம் 10 லட்சம், ஜிஎஸ்டி 1.80 லட்சம், ஆக 11.80 லட்சம். சுமார் 9,000 ரூபாய் இடிக்கிறது. அதைப் பையன் எந்தக் கவுண்டரில் கட்ட வேண்டும், ரொக்கமா டிடியா என்பதைத் தயவுகூர்ந்து தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ஓய்வுபெற்ற ஹவில்தார்