பிஜிஎம்முக்குக் கண்ணை மூடுவது எப்படி?

சினிமாப் பாட்டைப் பற்றிக் கருத்துச் சொல்வதில் ஆபத்து அதிகம். "ரெண்டாவது சரணத்துல ஒரு சங்கதி வரும் பாருங்க" என்று ஆரம்பித்தால், எதிரில் இருப்பவர் "எங்கே, பாடிக் காட்டுங்க" என்று சொல்லிவிடுவார். வரி தெரிந்திருக்க வேண்டும், எழுதியவர் வாலியா வைரமுத்துவா என்று குழம்பக் கூடாது. பின்னணி இசையில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. பாடிக் காட்டச் சொன்னால், "அதெல்லாம் வாயால வர்ற சமாச்சாரமா சார்?" என்று தப்பித்துக்கொள்ளலாம். இசை தெரியாதவர் இசையைப் பற்றி அதிகாரமாகப் பேச இதைவிட வசதியான துறை தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே இந்தக் கையேடு.

முதலில் முகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே வலது கையை உயர்த்தி, பக்கத்தில் பேசுபவரை நிறுத்துங்கள். "இரு, இரு, இப்ப வரும் பாரு." எது வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, ஏதாவது வரும். வந்ததும் கண்ணை மூடித் தலையை லேசாகச் சாய்த்து, நாலு விநாடி கழித்துத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் தூசி விழுந்தது என்று நினைப்பார்கள். ரொம்ப நேரம் மூடியிருந்தால் தூங்கிவிட்டீர்கள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். திறந்தவுடன் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "அந்த பேஸ் கிட்டாரைக் கவனிச்சீங்களா?"

பேஸ் கிட்டாரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. செல்போனின் பொடி ஸ்பீக்கரில் அடிஸ்தாயி சத்தம் சரியாகக் கேட்பதில்லை. கேட்காத ஒன்றை மறுத்துப் பேச யாராலும் முடியாது. "ஹெட்போன்ல கேட்கணும்" என்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த கட்டத்துக்குப் போகத் துணிந்தவர்கள் 'கவுண்டர்பாயின்ட்' என்று சொல்லலாம். இரண்டு மெட்டுகள் ஒரே நேரத்தில், ஒன்றை ஒன்று மிதிக்காமல், தத்தம் வழியில் போவதற்குத்தான் அந்தப் பெயர். யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். கேட்டால், 1986-இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பைக் கேட்கச் சொல்லிவிட்டு, அது தியாகராஜருக்கும் இசைமேதை பாக்குக்கும் சமர்ப்பணம் என்று ஒரு வரி போடுங்கள். அதற்கு மேல் குறுக்கு விசாரணை இருக்காது. 'சிம்பொனி' என்ற சொல்லில்தான் இப்போது கொஞ்சம் ஜாக்கிரதை தேவைப்படுகிறது. முன்பெல்லாம் இருபது வயலின் சேர்ந்து இழுத்தாலே நமக்கு அது சிம்பொனிதான். 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் இளையராஜாவின் 'வேலியன்ட்' அரங்கேறியதிலிருந்து சிம்பொனி என்றால் வழக்கமாக நான்கு பகுதிகள் என்று சின்னப் பிள்ளைகூடத் திருத்துகிறது.

எந்த அணியில் சேர்வது என்பது பலரைக் குழப்பும் கேள்வி. இதற்கு இசை கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். நீங்கள் எட்டாம் வகுப்பு படித்த வருடத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த வருடத்தில் கொடிகட்டிப் பறந்த இசையமைப்பாளர்தான் உலகத்திலேயே சிறந்தவர். 1986 என்றால் இளையராஜாவின் 'மௌன ராகம்', 'புன்னகை மன்னன்'. 1995 என்றால் ரஹ்மானின் 'பம்பாய்'. ரஜினி ரசிகராகவும் இருந்துவிட்டால் தேவாவின் 'பாட்ஷா'. 2006 என்றால் யுவனின் 'புதுப்பேட்டை'. உங்கள் வருடத்துக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் வெறும் சத்தம். முன்னால் இருந்தவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டால் போதும். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது எம்.எஸ்.வி. அணிப் பெரியவர்கள் 'வெறும் சத்தம்' என்ற இதே வாக்கியத்தை இளையராஜாவைப் பார்த்துச் சொன்னார்கள். 1992-இல் 'ரோஜா' வந்தபோது ராஜா அணி அதை வாங்கி ரஹ்மானைப் பார்த்துச் சொன்னது. இப்போது ரஹ்மான் அணியிடம் இருக்கிறது. அனிருத் ரசிகர்கள் பொறுமையாக இருக்கட்டும், அவர்கள் கைக்கும் வரும்.

அணிச் சண்டை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி. கல்யாண வீடு, பந்திக்குக் காத்திருக்கும் நேரம்.

"மாமா, 'ஜெயிலர்' இன்டர்வெல் பிஜிஎம் கேட்டீங்களா? தியேட்டரே அதிர்ந்துச்சு."

"அதிர்றதுக்கு பிஜிஎம் எதுக்குடா மாப்ளே? போர்வெல் லாரி போதுமே."

"ஆமா, உங்க ராஜா சார் மட்டும்தான் மியூசிக் போட்டாரு."

"போட்டாருன்னு நான் சொல்லலியே. அந்த சீன்ல மியூசிக்கே போடாம விட்டாரு பாரு, அதுக்குப் பேருதான்டா ராஜா."

கடைசி வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மௌனத்துக்கும் ராயல்டி வாங்கித் தரும் வரி அது. உங்கள் ஆள் இசை போடாமல் விட்டால் மேதைமை. எதிரணி ஆள் விட்டால் மறந்துவிட்டார், அல்லது நேரம் பற்றவில்லை. விருதுகளை எடுத்து வீசுவதும் இப்படியே. 2009-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது பாட்டுக்குத் தனியாக, பின்னணி இசைக்குத் தனியாகக் கொடுக்கப்பட்டது. பின்னணி இசை விருது மலையாள 'பழசிராஜா'வுக்காக இளையராஜாவுக்குப் போனது. 'தாரை தப்பட்டை'க்கு மறுபடியும் வாங்கினார். ரஹ்மானுக்கு 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம். ஆஸ்கர் பேச்சு எடுத்தால் ரஹ்மான் அணிக்கு இன்னும் தெம்பு: 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக அவர் வாங்கிய இரண்டில் ஒன்று பின்னணி இசைக்கே கிடைத்தது. ஆனால் 'ஜெய் ஹோ'வைத் தவிர அந்தப் படத்திலிருந்து ஒரு துண்டை முணுமுணுக்கச் சொல்லி அவர்களைக் கேட்டுவிடாதீர்கள். நாகரிகம் என்று ஒன்று இருக்கிறது.

"இப்ப என்ன கேட்டுக்கிட்டிருக்கீங்க?" என்ற கேள்வி எப்போது வேண்டுமானாலும் வரும். ஓடின படத்தின் பெயரைச் சொல்லவே கூடாது. "படம் பத்து நாள்கூட ஓடலை, ஆனா பிஜிஎம்..." என்று இழுத்து நிறுத்தினால் மதிப்பு கூடும்.

இங்கே நம் ஊர் ரசிகர்கள் எதைக் கேட்கிறார்கள் என்றும் சொல்லியாக வேண்டும். தமிழில் இசைத்தட்டிலும் கேசட்டிலும் வந்தது பெரும்பாலும் பாட்டு மட்டும்தான். பின்னணி இசை படத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதனால் ரசிகர்களே டி.வி.டி.யிலிருந்து வெட்டி எடுத்தார்கள். என் போனிலும் அப்படி ஒரு கோப்பு இருக்கிறது. நாற்பது விநாடி. முதலில் மழைச் சத்தம். புல்லாங்குழல் தொடங்கும்போது யாரோ கதவைத் திறக்கிறார்கள். வயலின் ஏறி வரும் இடத்தில் ஒரு பெரியவர் இருமுகிறார். உச்சத்துக்குப் போகும் நேரத்தில் கதாநாயகி "நான் போறேன்" என்கிறாள். அந்த 'போறேன்' முடிவதற்குள் வெட்டியாகிவிட்டது. அழைப்பு மணியாக வைத்துப் பல வருடம் கேட்டதில் அந்த இருமல் எனக்கு இசையின் பகுதியாகிவிட்டது. பிறகு ஒரு குழு அதே இசையை மேடையில் சுத்தமாக, ஒரு சுரம் பிசகாமல் வாசித்தபோது, பக்கத்தில் இருந்த நண்பர் முணுமுணுத்தார்: "எல்லாம் சரி, இருமலைக் காணோமே!" இவரைப் போன்றவர்தான் உத்தமமான பிஜிஎம் ரசிகர். பின்பற்றுங்கள்.

அந்த இருமல் ஏன் அங்கே இருந்தது என்று யோசித்தால் மட்டும் காரியம் கெட்டுவிடும். ஃபிலிம் காலத்தில் ஒரு ரீல் ஆயிரம் அடி, ஏறத்தாழ பதினோரு நிமிடம். இசையமைப்பாளர் ரீல் ரீலாகப் படத்தைப் பார்த்து, எந்த இடத்தில் தொடங்குவது, பெரியவர் வாய் திறக்கும்போது எந்த வாத்தியம் ஒதுங்குவது என்று விநாடிக் கணக்குப் போட்டுத்தான் எழுதுவார். வயலின் கொஞ்சம் தயங்கி ஏறியது இருமலுக்கு வழிவிட்டு. பிறகு கலவைக்காரர் வந்து, வசனத்துக்கு அடியில் இசையை இன்னும் கொஞ்சம் இறக்கி வைப்பார். ஆகவே காட்சியை அறுத்துப் போட்டுவிட்டு இசையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, "இது நல்ல ஸ்கோர், அது மோசமான ஸ்கோர்" என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நாம் சொல்லப்போகிறோம். தீர்ப்பு இல்லாமல் என்ன ரசனை? ரயில் சத்தம், காற்று, நாய் குரைப்பு எல்லாம் ஒலி வடிவமைப்பாளரின் வேலை. அவற்றையும் தாராளமாக இசையமைப்பாளர் கணக்கில் ஏற்றிப் புகழலாம். இருவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வெளிநாட்டு இசையமைப்பாளர்களின் சாயல் கண்டுபிடிப்பதும் சுலபம்: விசிலடித்தால் மோரிக்கோனி சாயல், பெரிய பறை அதிர்ந்தால் ஹான்ஸ் ஸிம்மர் சாயல். எந்தப் படம் என்று கேட்டால், "பேரு நாக்கு நுனியில இருக்கு" என்று சொல்லிக் காபி குடிக்கப் போய்விடுங்கள்.

வாதத்தில் தோற்கும் நிலை வந்தால், பாட்டே இல்லாத படங்களை இறக்குங்கள். 'அந்த நாள்' 1954, 'குருதிப்புனல்' 1995, 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' 2013, 'கைதி' 2019. வருடத்தோடு சொன்னால் கூட்டம் அடங்கிவிடும். இதில் ஒரு படம் மட்டும் வேண்டவே வேண்டாம்: 1987-இல் வந்த 'பேசும் படம்'. வசனமே கிடையாது, சிரிப்பு, பயம், காதல் மூன்றுக்கும் பாதை போட்டுக் கொடுத்தது பின்னணி இசைதான். பின்னணி இசையைப் பற்றிப் பேச நம்மிடம் இதைவிடப் பொருத்தமான படம் இல்லை என்பது என் கட்சி. ஆனால் இசை யார் என்று கேட்டால் பெரிய பெரிய பிஜிஎம் ரசிகர்களே "ராஜா சார்தான், வேற யாரு?" என்று சத்தியம் செய்வார்கள். இசை எல். வைத்தியநாதன். இதைச் சொன்னால் நட்பு கெடும்.

வாத்தியம் வாசித்தவர்களின் பெயரையும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது அலங்காரம். புல்லாங்குழல் நெப்போலியனும் பாடகர் அருண்மொழியும் ஒரே ஆள் என்பது எந்தச் சபையிலும் ஒரு முறை கைதட்டல் வாங்கும். 'பம்பாய் தீம்' புல்லாங்குழல் நவீன் வாசித்தது. இரண்டு பெயர் போதும். மூன்றாவதைச் சொன்னால் உண்மையாகவே கேட்டிருக்கிறீர்கள் என்று சந்தேகம் வந்துவிடும்.

கடைசியாக, ஒரே ஒரு ஆளிடம் மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள். அவர் கண்ணை மூட மாட்டார். பேஸ் கிட்டார் என்று சொல்ல மாட்டார். "அந்த சீன்ல அவ திரும்பிப் பார்க்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே வயலின் நின்னுடும், கவனிச்சீங்களா?" என்று கேட்பார். படத்தை உட்கார்ந்து முழுசாகப் பார்த்த ஆள் அவர். அவரோடு வாதம் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு டீக்கும் நீங்களே காசு கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.